பன்னிரண்டு பெயர்கள்

கார்த்திகை 9, செவ்வாய்.

மகள் செல்வி சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவள். அணிப் பட்டியல் இன்று பேப்பரில் வந்தது. திண்டிவனம் போய் வாங்கி வந்தேன். இந்த வருடம்தான் படிக்கக் கற்றேன். விரல் வைத்துப் பன்னிரண்டு பெயரையும் நானே வாசித்தேன். அவள் பெயர் இல்லை. மறுபடியும் வாசித்தேன்.

"எத்தினி வாட்டி படிச்சாலும் வராதுப்பா. முட்டி ஆபரேஷன் ரெண்டாவது வாட்டி ஆயிருக்குது. டாக்டரு இன்னும் வுடல."

முட்டிக்குப் பலம் வர, கணுக்காலில் கேப்பைப் பையை எடையாகக் கட்டிக் காலைத் தூக்கியபடியே சொன்னாள்.

எனக்கு ஆத்திரம். நான் முழுதாகப் படித்த முதல் செய்தி இதுவாகவா இருக்க வேண்டும்?

"ஒரு பேரு கூட தப்பா படிக்கல நீ," என்று சிரித்தாள். "பையில இன்னொரு படி கொட்டு. பத்து எண்ணு, அப்பத்தான் எறக்குவேன்."

கொட்டிக் கட்டினேன். தூக்கினாள்; அவள் கால் நடுங்கியது. கோபத்தில் எண்ண மறந்துவிட்டேன். அவள் காலை இறக்கவே இல்லை.