நான் சொல்லாமல் விட்ட பாதி

அக்கா,

இன்று காலையில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒருவர் தள்ளுவண்டியில் வேர்க்கடலையை வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார். உப்புப் போட்டுத் தோலோடு வெந்த கடலை. இரண்டாவது மாடி வரைக்கும் அந்த வாசனை ஏறி வந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலருகே வந்து நின்றேன். முடிச்சூரில் உங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எத்தனை சாயங்காலம் இந்த வாசனைக்காகக் காத்திருந்திருக்கிறேன்! "இரு டீச்சரம்மா, இன்னும் ஒரு கொதி வரட்டும்" என்பீர்கள். கையில் கொடுத்தால் உங்களுக்குப் போதாது, என் முந்தானையில் மூட்டையாகக் கட்டிவிடுவீர்கள். மேற்குத் தாம்பரத்தில் என் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்து, கடலை பாதி தீர்ந்திருக்கும்.

நீங்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லியிருப்பீர்கள், அது எனக்குக் கூச்சம். இப்போது அந்தக் கூச்சம் போய்விட்டது. உங்களோடு பேச வேண்டும் என்கிற ஆசைதான் போகவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிரெய்னிங் முடித்து அந்தப் பள்ளிக்கு வந்தேன். எட்டாவது வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். பின்பக்கம் முழுக்க நெல் வயல், முன்னால் தாம்பரம் போகிற ரோடு. எட்டாவது முடிவில் அரசாங்கப் பரீட்சை வரும். அதில் பாஸானால்தான் தாம்பரத்தில் ஹைஸ்கூல். எனக்கு இருபத்து மூன்று வயசு, வாய் மட்டும் ஐம்பது வயசுக்காரிக்கு உரியது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, வந்த வருஷமே எட்டாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார் ஹெட்மாஸ்டர். "பேரண்ட்ஸைக் கூப்பிட்டு இந்தப் பப்ளிக் எக்ஸாம்னா என்னன்னு எடுத்துச் சொல்லுங்க டீச்சர். ஒவ்வொரு வருஷமும் பாதிப் பேர் கையெழுத்துப் போட வரமாட்டேங்கறாங்க" என்றார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் கூட்டம் வைத்தேன். பெஞ்சு அத்தனையும் காலியாகக் கிடக்க, நீங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "பிள்ளைங்க படிக்கிற பலகை, அதுல போயி குந்துவாங்களா?" என்று நீங்கள்தான் என்னை அதட்டினீர்கள். அதற்கு முன்னால் உங்களை நான் பார்த்ததில்லை. என் வகுப்பு வசந்தாவின் அம்மா என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். ஒரு தகப்பனார் கூடை நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்து, பையனைப் பார்த்துக்கொள்ளும்படி கண்ணைக் காட்டினார். பரீட்சைப் பேப்பரை நான் திருத்தப்போவதில்லை, வேறு ஊரில் வேறு யாரோ திருத்துவார்கள் என்று சொன்னேன். அவர் கூடையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். "அந்த ஊரு எதுன்னு மட்டும் சொல்லு டீச்சரம்மா" என்றார்.

அப்புறம் விண்ணப்பத்தில் அங்க அடையாளம் எழுதும் கட்டம் வந்தது. மச்சமோ தழும்போ இரண்டு எழுத வேண்டும். நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"மச்சத்த எதுக்கு எழுதற? எம்பொண்ணு இன்னா களவாணியா?"

"வேற யாரும் அவ பேர்ல வந்து எழுதிரக் கூடாதில்லா, அதுக்குத்தான்."

"அவ மூஞ்சி அவ மூஞ்சிதானே? அத்தப் பாத்தா தெரியாதா சர்க்காருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் மறுநாள் காலையில் நீங்களே வசந்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, முழங்கைத் தழும்பையும் கழுத்து மச்சத்தையும் காட்டி, "எழுதிக்கோ" என்றீர்கள். இரவெல்லாம் யோசித்தீர்களாம். அதற்குப் பிறகு மற்ற அம்மாக்களிடம் நீங்கள் சொன்னது என் விளக்கத்தைவிட எவ்வளவோ மேல்: "ரேசன் கார்டுல பேரு எழுதறாப்ல இது. எழுதலன்னா நம்ம பங்கு நமக்கு வராது." வராமல் இருந்தவர்களும் வந்து பெருவிரலை மையில் தோய்த்தார்கள்.

இப்போது அந்த முதல் கூட்டத்தின் கடைசிக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் அதைச் சொல்லப் பயந்துதான். பாஸானால் ஹைஸ்கூல், அப்புறம் டிரெய்னிங், அப்புறம் என்னைப்போல டீச்சர், மாசம் பிறந்தால் சம்பளம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். உங்கள் கண்ணெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்ற வசந்தா மேலேயே இருந்தது. கடைசியில் கேட்டீர்கள்: "பெயிலா பூட்டா இன்னா டீச்சரம்மா?"

"நல்ல நேரத்துல நல்ல வார்த்தை பேசுங்கக்கா. அதெல்லாம் வாயில எடுக்கக் கூடாது" என்று உங்கள் வாயை அடைத்தேன். சகுனம், சாஸ்திரம் எதிலும் நம்பிக்கை இல்லை என்று பெருமையடித்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பெண் நான். பரீட்சைக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். நீங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்கள் தம்பி மணிமங்கலத்திலிருந்து அடிக்கடி வந்து போவது எனக்குத் தெரியும். வசந்தாவைத் தனக்குப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். "பரிச்சை முடியட்டும்டா. பாஸாச்சின்னா எம்பொண்ணு படிக்கும். ஆவலன்னா உனக்குத்தான்" என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அவள் பாஸாகிவிடுவாள் என்று இரண்டு பேரும் நினைத்தோம். கணக்கில் அவள் கொஞ்சம் மட்டம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதையும் சொல்லவில்லை.

பரீட்சை நாட்களில் வயல் வேலையை விட்டுவிட்டு, மூன்று பெண்களைத் தாம்பரத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனீர்கள். சென்டருக்கு எதிரே புளியமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தீர்கள். கணக்குப் பரீட்சை முடிந்து வந்த வசந்தா என் முகத்தைப் பார்க்காமலே, "எல்லாம் போட்டுட்டேன் டீச்சர்" என்றாள். நான் அன்று சாயங்காலமே லீவுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

ரிசல்ட் மே மாதக் கடைசியில் வந்திருக்கிறது. நான் ஊரில் அண்ணன் பிள்ளைகளோடு பதநீர் குடித்துக்கொண்டு கிடந்தேன். ஜூனில் பள்ளி திறந்த அன்று பட்டியலைப் பார்த்தேன். வசந்தாவுக்குக் கணக்கு மட்டும்தான் போயிருந்தது. வருத்தமாக இருந்தாலும் ஒரு தெம்பும் இருந்தது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும், அடுத்த தடவை தாண்டிவிடுவாள். அதைச் சொல்லத்தான் ஓட்டமும் நடையுமாக உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் பந்தல்கால் பிடுங்கிய குழிகள் மூடாமல் கிடந்தன.

"வசந்தா எங்கக்கா?"

"அவ வூட்ல. மணிமங்கலத்துல."

அங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்குத்தான் அது வாய்க்காதே. "மறுபடி எழுதலாமேக்கா! நான் சொல்லிக் கொடுத்திருப்பேனே!" என்று கத்திவிட்டேன்.

நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள். "இன்னா சொன்ன?"

"அடுத்த தடவை தனியா எழுதலாம்க்கா. பாஸாகற வரைக்கும் எழுதலாம்."

நீங்கள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாஸானா இன்னா இன்னான்னு வாய் வலிக்கச் சொன்னியே டீச்சரம்மா. பெயிலானா இன்னான்னு நான் கேட்டேனே. வாய மூடச் சொன்னியே" என்றீர்கள். "எந்தம்பி வந்து நின்னான். வாக்கு குடுத்தியே அக்கா, பொண்ணக் குடுன்னான். மறுக்கா எழுதலாம்னு தெரிஞ்சிருந்தா ஒரு வருசம் பொறுடான்னு சொல்லியிருப்பேன். தெரியாதே எனக்கு." எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். கதவைக்கூடச் சாத்தவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. முடிச்சூர் ரோட்டில் புல்லுக்கட்டோடு எதிரே வருவீர்கள். என்னைக் கண்டதும் முகம் வயல் பக்கம் திரும்பிவிடும். நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று நினைத்ததுண்டு. அழுததும் உண்டு. உங்கள் மேல் கோபம் வந்ததும் உண்டு, அதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லாவிட்டாலும்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு நீங்கள் வருவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பள்ளியில் உங்களுக்குப் பிள்ளையே இல்லை. கடைசி வரிசையில் வந்து தரையில் உட்கார்ந்தீர்கள். நான் ஹைஸ்கூல், டிரெய்னிங் என்று ஆரம்பித்ததும் எழுந்தீர்கள்.

"டீச்சரம்மா, அத்த அப்பால சொல்லு. பெயிலானா இன்னா ஆவும்னு மொதல்ல சொல்லு."

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். நீங்களே மற்றவர்கள் பக்கம் திரும்பினீர்கள். "பெயிலானா ஒண்ணியும் குடி முழுவாது. மறுக்கா எழுதலாம். எனக்குத் தெரியாது, கட்டிக் குடுத்துட்டேன். உங்களுக்கு இப்போ தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிகினு கட்டிக் குடுத்தீங்கன்னா அது உங்க பாடு."

நான் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் காத்திருந்து, "பேஜாரா மூஞ்ச வெச்சிக்காத. நாளைக்கு வராதவங்க வூட்டுக்கெல்லாம் போலாம்" என்றீர்கள். மறுநாளே போனோம். அதற்கப்புறம் எத்தனை வருஷம் போனோம்! வரப்பில் நீங்கள் முன்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால். நம்மைக் கண்டதும் கொல்லைப்புறமாக நழுவுகிற தகப்பன்மாரை நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவீர்கள். என் திருநெல்வேலிப் பேச்சை அவர்களிடம் நடித்துக் காட்டுவீர்கள். "டீச்சரம்மா பேசறது பாட்டு பாடறாப்ல கீது, ஆனா விசயம் கீது" என்பீர்கள். அந்த வரப்புகள் எல்லாம் இப்போது தெருக்களாகிவிட்டன. ஆட்டோவில் போகும்போது எது எந்த வயல் என்று தேடுவேன். ஒன்றும் பிடிபடாது. உங்களோடு ஒரே ஒருமுறை அந்த வழியில் நடந்தால் போதும் என்றிருக்கும்.

வசந்தாவைப் பரீட்சை எழுத வைக்க நான் முயலாமல் இல்லை. "அவளாண்ட கேளு" என்றீர்கள். மணிமங்கலத்துக்கே போய்க் கேட்டேன். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "போங்க டீச்சர், நானாவது பரீட்சையாவது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல மாப்பிள்ளைதான் உங்கள் தம்பி, ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நீங்கள் மகள் வீட்டில் நோயாகப் படுத்திருந்தபோது வந்தேன். அன்றாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். "அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"இந்த வருசம் மீட்டிங் வெச்சியா?"

"வச்சேன்க்கா."

"மொதல்ல இன்னா சொன்ன?"

"பெயிலானா என்னன்னு சொன்னேன்."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

ரிடையராகிற வரைக்கும் எல்லா வருஷமும் அதைத்தான் முதலில் சொன்னேன். இரண்டாம் தடவை எழுதித் தாண்டிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் டீச்சராகி, இப்போது பென்ஷன் வாங்குகிறார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "நீங்க அன்னைக்கு அம்மாகிட்ட சொல்லலைன்னா நான் எங்க படிச்சிருப்பேன் டீச்சர்?" என்கிறார்கள். அந்த நன்றி உங்களுக்குச் சேர வேண்டியது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்து, சொல்ல முடியாமல் நிற்கிறேன். நான் அதைச் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வருஷம்தான் அக்கா. அந்த வருஷம் எழுதியவள் உங்கள் வசந்தா.