கணினிக்கு ஏடு தொடக்கிய நாள்

சந்தன வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்புத்தான் வந்தது. கோயிலில் இல்லையடி, பெரியகல்லாற்று வாசிகசாலையில். புதிதாக வந்த மடிக்கணினிகளின் திரையில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். நீ இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாய்.

முன்பு வந்த கணினிகளும் இப்படித்தானே கிடந்தன? பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் அறையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார் வாசிகசாலைச் சங்கத் தலைவர். கட்டாரில் இருக்கும் புருசனின் முகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு வந்த பெண்களிடம், "கண்ட ஆக்களும் தொட்டா பழுதாப் போயிரும்" என்பார். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று அந்த மனுசனுக்கே தெரியாது. "பயத்துக்கு மரியாதை எண்டு பேர் வெச்சிருக்கான் கா" என்றாய் நீ.

வாணி விழா வந்தது. ஊருக்குப் பக்தி காட்ட அவரே கணினிகளைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்துப் பூசை செய்வித்தார். மறுநாள் விசயதசமி. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கி முடிந்ததும் அறையைப் பூட்டப் போனார். நீ எழுந்து ஐயரிடம் கேட்டாய்: "பூசையில வெச்சதை இண்டைக்கு எடுத்துப் படிக்காட்டி குத்தம்தானே ஐயா?"

"ஓம், குத்தம்தான்" என்றார் ஐயர்.

தலைவரின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றும் இனிக்கிறது. ஏடு தொடக்குவதுபோலவே ஒவ்வொரு பெண்ணின் விரலையும் பிடித்து நீ 'அ' அடிப்பித்தாய். நீ கண்ணை மூடும்வரை அந்த அறை பூட்டப்படவில்லை.

இன்று உன் படத்துக்கு மாலை போட்டார்கள். அதே தலைவர், "இந்த ஊருக்குக் கணினி கொண்டு வந்து படிப்பிச்சது நானும் அவவும்தான்" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். வெட்கம் கெட்ட மனுசன்! முழங்கி முடிந்ததும் மடிக்கணினிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்குக்கூட இணையக் கடைக்காரனிடம் கெஞ்சிக் களைத்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள்.

உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேச என்னை அழைத்தார்கள். எழுந்து போனேன். ஒரு மடிக்கணினியை எடுத்துச் சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"ஐயோ, பூசை வெச்ச சாமான்!" என்று பதறினார் தலைவர்.

"அதான் சொல்றன். எடுத்துப் படிக்காட்டி குத்தம்." வாசலைப் பார்த்தேன். "என்ன கா பாத்துட்டு நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க."

உன் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. இந்த மாதிரி மனுசரைக் கண்டால் உதட்டைச் சுழிப்பாயே, அந்த இளக்காரம் மட்டும் அப்படியே ஒட்டியிருக்கிறது. வரும்போது அலுமாரிப் பூட்டில் தொங்கிய திறப்பையும் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன். கேட்டு வருவார். வரட்டும்.