ஒன்றும் தெரியாத ஒரு கணினி

என் பிரியமான அண்ணாவுக்கு,

நீ போன பிறகு உன் மின்னஞ்சல் மடற்குழுவின் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அண்ணிதான் கடவுச்சொல்லைச் சொன்னார். "எனக்கு அதெல்லாம் ஒத்து வராது சாரதா, நீயே பாத்துக்கோ" என்றார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு எழுத்துருக்களைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய். அதிகம் தெரியாது. ஆனால் இந்த வாரத்துக்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். குழுவில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் கணினியில் தமிழைப் படிப்பதே பெரும்பாடு. ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் தட்டச்சு செய்தது இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைச் சரிசெய்யத்தான் நீயும் உன்னைப் போன்ற சிலரும் மின்னஞ்சலில் அந்தக் குழுவைத் தொடங்கினீர்கள். உங்களால் எத்தனையோ பேர் தமிழில் எழுத ஆரம்பித்தார்கள். அதை யாரும் மறுக்கவில்லை.

இப்போது மூத்த உறுப்பினர்கள் ஒரு விதி கேட்கிறார்கள். புதிதாகச் சேர்பவர் மூன்று மாதத்துக்கு எதுவும் எழுதக் கூடாது. பழைய மடல்களைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். "அண்ணன் இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு" என்கிறார்கள். நீ அதைத்தான் சொல்லியிருப்பாய். எனக்குச் சிக்கலே அதுதான்.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வாசலில் நின்று அதட்ட நீ இல்லை என்று தெரிந்ததும் குழு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் ராசிபலன் வருகிறது. மதுராந்தகத்தில் இருந்து வருடக்கணக்காகப் பொறுமையாகப் பதில் எழுதியவர் போன மாதம் விலகிக்கொண்டார். தொலைபேசியில் கேட்டேன். "கேக்கறவங்களுக்கு அது மொதல் கேள்விங்க மேடம். எனக்கு நூறாவது. எனக்கும் குடும்பம் கீது" என்றார். புதியவர்களை அரவணைக்க வேண்டும் என்று நீளமாக எழுதுகிறவர்கள் யாரும் உட்கார்ந்து பதில் சொல்வதாகத் தெரியவில்லை. அடுத்தவர் நேரத்தை எடுத்துத் தாராளம் காட்டுகிறவர்களை நான் எப்போதுமே கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன்.

புதியவர் எது கேட்டாலும் உன் பதில் ஒரே வரி: "விளக்கப் பக்கத்தைப் படிக்கவும்." விளிப்பு கிடையாது. ஒருமுறை, "ஒரு வணக்கமாவது போடலாமே அண்ணா" என்றேன். "வணக்கம் போட்டா எழுத்து தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாய்.

வள்ளி வந்த நாள் நினைவிருக்கிறதா? மாமல்லபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண். கடைக்கு வருகிறவர்களுக்கு மனு தட்டச்சு செய்து, பிளாப்பியில் போட்டுக் கொடுப்பாள். அவள் கடையில் தமிழாக இருந்தது அரசு அலுவலகக் கணினியில் கட்டமாகத் தெரிந்தது. மனு கொடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து அவளைத் திட்டினார்கள். அவள் குழுவுக்கு எழுதினாள். எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்தில், அவசரம், அவசரம் என்று. எந்த எழுத்துரு, என்ன கணினி, ஒரு விவரமும் இல்லை. நீ உன் ஒரு வரியைப் போட்டாய். அவள் மறுபடியும் எழுதினாள். நீயும் மறுபடியும் அதையே போட்டாய். அதன் கீழே ஒருவர், "படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ் எதற்கு?" என்று சேர்த்தார். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துச் செங்கல்பட்டில் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். உன் ஒவ்வொரு மடலின் அடியிலும் பெயரும் தெருவும் இருக்குமே, அதை வைத்து. அண்ணி கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"நீங்கதான சார் அந்தப் பக்கத்தப் படி, படின்னு சொன்னவரு?"

"படிச்சீங்களா?"

"இன்னாத்த சார் படிக்கிறது? அதுவே கட்டம் கட்டமாத்தான் கீது."

"இருக்காதும்மா. நான் தினம் பாக்கறேன்."

"உங்க வூட்டுல தெரியும் சார். உங்க வூடாச்சே!"

நீ சிரித்தாய். பக்கத்து அறையில், மதிப்பெண் பட்டியல் போட நான் புதிதாக வாங்கிய கணினி இருந்தது. அதில் இன்னும் எதையும் ஏற்றவில்லை. வள்ளி அதைக் காட்டி, "தோ, அதுல தொறங்க சார். பாத்துடலாம்" என்றாள்.

திறந்தாய். திரை முழுக்கக் கட்டங்கள். ஆங்கிலத்தில் இருந்த உன் மின்னஞ்சல் முகவரி மட்டும் கடைசியில் தெளிவாகத் தெரிந்தது.

எழுத்துருவை எப்படி ஏற்றுவது என்று சொல்லும் பக்கத்தை அந்த எழுத்துருவிலேயே எழுதி வைத்திருந்தீர்கள். அத்தனை வருடங்களாக. உங்கள் எல்லோருடைய கணினியிலும் அந்த எழுத்துரு இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. யாரால் படிக்க முடிந்ததோ அவருக்கு அந்தப் பக்கம் தேவைப்படவில்லை.

அண்ணிதான் முதலில் சிரித்தார். "சிரிக்காதீங்கக்கா" என்றாள் வள்ளி. "ஒரு வாரமா எனக்குத்தான் மூள கம்மின்னு நெனச்சிகினு இருந்தேன்."

நீ சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. உட்கார்ந்து, அவளுக்கு வேண்டியதை முழுக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பினாய். அவள் போனதும் அந்தப் பக்கத்தைப் படமாக மாற்றினாய். படமென்றால் எந்தக் கணினியிலும் தெரியும். பிறகு குழுவில் எழுதினாய்: "விளக்கப் பக்கம் மாற்றப்பட்டுள்ளது. இப்போது படிக்க முடியும். படிக்கவும்." அவ்வளவுதான். வள்ளிக்கு முன்னால், பஸ் ஏறி வராமல், தங்களுக்குத்தான் புரியவில்லை என்று விலகிப் போனவர்களை நீ நினைத்துப் பார்த்தாயா? நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் இல்லை.

போன மாதம் மாமல்லபுரத்தில் உடன் வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணம். முடிந்ததும் வள்ளியின் கடையைத் தேடிப் போனேன். கடை பெரிதாகியிருக்கிறது. நீ போய்விட்டதைச் சொன்னேன். "அய்யோ, எப்பக்கா?" என்று எழுந்துவிட்டாள். உன் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"அவரு மேல இன்னாத்துக்குக்கா கோவம்? சிடுசிடுன்னாலும் ஒரு வரி பதில் வந்துச்சே. மத்தவங்க கம்முனு வேடிக்க பாத்துகினு இருந்தாங்க."

"பின்ன ஏன் அப்புறம் எழுதவே இல்ல?"

"புது ஆளு யார்னா கேட்டா என்கிட்ட அனுப்புங்க, நா சொல்லித் தரேன். அங்க மட்டும் வர மாட்டேன். தமிழு எதுக்குன்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க, அவன யாருனா இன்னான்னு கேட்டீங்களா?"

திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ வணக்கம் போட்டிருந்தாலும், "அன்பரே" என்று அழைத்திருந்தாலும், அவள் அதே கட்டங்களைத்தான் பார்த்திருப்பாள். இதில் நீ சொன்னது சரி. இனிமையாகப் பேசுவதால் மட்டும் ஒரு பக்கமும் திறக்காது. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மாத விதி அன்று இருந்திருந்தால் வள்ளியால் எழுதியிருக்கவே முடியாது. அந்தப் பக்கம் இன்றுவரை கட்டமாகவே இருந்திருக்கும், நீங்களும் அதைப் படிக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர் கண்ணில் படாத குறை வெளியில் நிற்பவருக்குத்தான் தெரிகிறது. அவர் வாயை முதலில் அடைப்பது எந்த வகைக் கெட்டிக்காரத்தனம்?

அதனால் முடிவு செய்துவிட்டேன். ராசிபலனை நான் நீக்குவேன். வந்த கேள்வியே திரும்ப வந்தால், பழைய பதில் இருக்கும் இடத்தைக் காட்டுவேன். அவர்கள் கேட்ட மூன்று மாத மௌனமும் உண்டு. ஆனால் அது புதியவருக்கு இல்லை. கேள்வி கேட்டவரைக் கேலி செய்கிறவருக்கு. எத்தனை வருட உறுப்பினராக இருந்தாலும் சரி. சிலர் விலகக்கூடும். விலகினால் குழுவுக்கு நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது. உன் கணினியை அண்ணி வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு, அதில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, கடையில் வாங்கிய அன்று இருந்தது போல ஆக்கிவிட்டேன்.

"அவர் சேத்து வெச்சதெல்லாம்?" என்றார்.

"தனியா எடுத்து வெச்சுட்டேன் அண்ணி."

"அப்ப இதுல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தான்."

அண்ணி துணியை மடித்து உள்ளே எடுத்துப் போனார்.

இப்போது அதற்குத் தமிழ் தெரியாது. நேற்று அதில் நம் குழுவைத் திறந்து பார்த்தேன். உன் விளக்கப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. உறுப்பினராகச் சேரும் பக்கம் கட்டம் கட்டமாக இருந்தது.

சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். இனி யாருக்காவது "படிக்கவும்" என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தை உன் கணினியில் ஒருமுறை திறந்து பார்ப்பேன். அதில் எதையும் ஏற்ற மாட்டேன், யாரையும் ஏற்ற விடவும் மாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

வணக்கத்துடன்,
உன் தங்கை
சாரதா