கூட்டிய தெரு

எளாவூர்
மே 1974

அன்புள்ள என்று தொடங்கப் பார்த்தேன், பேனா நகரவில்லை.

நீ அனுப்பிய கல்லூரி மலர் வந்தது. சிறந்த மாணவத் தலைவி நீதானாம். படத்தில் துடைப்பமும் கையுமாக நிற்கிறாய். காலடியில் எங்கள் தெருக் குப்பை.

அது எப்படி அங்கே வந்தது என்று மறந்துவிட்டாயா? சேவை முகாமை எங்கள் தெருவுக்கு அழைத்தவளே நான்தான். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பெண்கள் விடியுமுன்பே கூட்டி, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு! "அப்புறம் போட்டோவுல என்னடி காட்றது?" என்றாய். அது அம்மா காதில் விழுந்துவிட்டது.

"பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சே வாடிப்போச்சு. வாரினதத் திரும்பக் கொட்டினா ஆச்சு" என்று அம்மாவே குப்பைமேட்டிலிருந்து அள்ளிவந்து கோலத்தின் மேல் கொட்டினாள்.

"போதுமாம்மா?" என்று கேட்டவளிடம், இன்னும் ஒரு கூடை என்றாய்.

படம் எடுத்ததும் பஸ் ஏறிவிட்டீர்கள். மறுபடி கூட்டியவள் அம்மா.

எங்களிடம் துடைப்பம் இருக்கிறது. குழாய்தான் இல்லை. குடத்தோடு லாரிகளுக்கு நடுவே ஓடி ரோட்டைக் கடக்கிறோம். எல்லோருமாக மனு கொடுக்கலாம் என்றுதானே கூப்பிட்டேன்? அதெல்லாம் அரசியல் என்றாய்.

மனுவை நானே எழுதிவிட்டேன். நாளைக்குத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பொன்னேரி தாசில்தார் ஆபீசுக்குப் போகிறோம். போட்டோ எடுக்க யாரும் வரவில்லை.

உன் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "நல்லாக் கீறா. ஒருநாள் சாப்பிட வரச் சொல்லு" என்கிறாள்.

அம்மா சொன்னதை எழுதிவிட்டேன். நான் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
விடுதியில் உன் அறையில் இருந்தவள்