பொறிக்கு வராத ஈ

மார்ச் 4
கட்டுரை அச்சில் வந்துவிட்டது. ஆறு வருஷம், பதினோரு தோட்டம், ஆயிரத்துச் சொச்சம் பழ ஈக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காலைப் பிய்த்து மரபணு பார்த்ததில் எல்லாம் ஒரே இனம், வேறுபாடு சொற்பம். ஆகவே வாசனை காட்டி ஈயை இழுக்கும் பொறி ஒரே வகை போதும். துறைத்தலைவர் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. நானும் சும்மா இராமல், ஊரில் தோட்டம் வைத்திருக்கும் அண்ணனிடம் போனில் அளந்தேன்: கொய்யாவுக்குப் பை கட்டி இனி மெனக்கெட வேண்டாம், பொறி மாட்டினால் போதும் என்று.

மே 19
அண்ணன் தோட்டத்தில் பொறி நிறைய ஈ. பழம் நிறையப் புழு. எப்படி?

மே 21
ஒரு கூடை சொத்தைப் பழம் எடுத்துவந்து, புழு ஈயாகி வரட்டும் என்று மணல் பரப்பிய டப்பாக்களில் வைத்திருக்கிறேன். அண்ணி கூடையை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

ஜூன் 5
ஈக்கள் வெளிவந்தன. அதே மஞ்சள் பட்டை, அதே இறக்கை, அச்சு அசல். மரபணு பார்த்தால் பாதிக்கு மேல் வேறு இனம். பொறியில் அதில் ஒன்றுகூட இல்லை — பொறியின் வாசனை அதை இழுப்பதே இல்லை.
ஆறு வருஷமும் பொறியில் விழுந்ததை மட்டும்தான் பார்த்தேன். ஒரு பழத்தையாவது அறுத்தேனா? வாசலுக்கு வந்தவர்களை எண்ணிவிட்டு வீட்டில் இவ்வளவு பேர்தான் என்று எழுதியிருக்கிறேன். மடச்சி.

ஜூன் 8
துறைத்தலைவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "இப்ப வெளிய சொன்னா நம்மள யார் மதிப்பா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். பழம் இப்போதுதானே உதிர்கிறது? நானே திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பவில்லை. பயம்தான், வேறென்ன.

ஜூன் 12
அண்ணனிடமாவது சொல்லிவிடலாம் என்று நேரில் போனேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"நீ படிச்சவ, சொன்ன. நான் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நாலு பேருக்கும் நானே போய்ச் சொன்னேன். அவங்க மூஞ்சிய இனி எப்படிப் பாப்பேன், அத மட்டும் சொல்லு."
திட்டித் தொலைச்சிருக்கலாம்ல.

ஜூன் 13
எழுதி வைத்த திருத்தம் இன்னும் மேசையில்தான்.

ஜூலை 30
அண்ணன் மரங்களை வெட்டக் கொடுத்துவிட்டாராம். யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தது.

ஜனவரி 17
புதுக் கட்டுரை வந்துவிட்டது. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இனங்களைக் கண்டுபிடித்திருக்கிறோமாம். துறைத்தலைவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு வேண்டுமே. மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலில் கடைசி வரி: கைவிடப்பட்ட கொய்யாத் தோட்டம். நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன்.