திறந்த பானெட்

பங்குனி 12, திங்கள்
ஒன்பது மணிக்கே வெயில். பரளச்சிப் பக்கம், கண்மாய்க் கரை ரோடு, வேப்பமரத்தடி. வீட்டுக்குள் நெட் வராது, இங்கே சிக்னல் இரண்டு கோடு. அதனால் என் வீட்டுக்காரர் விட்டுப்போன கார்தான் எனக்கு ஆபீஸ். யாரோ யாரோடோ பேசிய பதிவுகளை ஹெட்போனில் கேட்டு, சென்னைக் கம்பெனிக்கு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. நாளெல்லாம் காதில் பேச்சு. என்னோடு பேசத்தான் ஆள் இல்லை.
லேப்டாப் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்று ஃபைல் பாக்கி. கம்பெனிப் பெண் ஃபோனில்: "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம் மேடம்."

பங்குனி 13, செவ்வாய்
அருப்புக்கோட்டை. வாங்க வேண்டியது: கார் இன்வெர்ட்டர் (கார் பேட்டரியிலிருந்து லேப்டாப்புக்குக் கரண்ட் எடுக்க), தக்காளி, கொசுவத்தி.
பேட்டரிக் கடைக்காரர் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தார். அறுபத்தைந்து வாட்ஸ். "இதுக்கு நூத்தம்பது போதும்க்கா. சிகரெட் லைட்டர் ஓட்டைல சொருகுறது. முந்நூறு எதுக்கு, கார்ல மிக்ஸி போடப் போறீகளா?" சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று.
'ப்யூர் சைன்' என்று போட்டிருந்தால் நல்லதாம், சார்ஜர் கெடாதாம். அது வெள்ளிக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் கடையின் பழைய முந்நூறு, இரவல். பேட்டரியில் கிளிப் மாட்டி, பானெட்டைத் திறந்தே வைக்க வேண்டும். "மணிக்கொருக்கா வண்டிய ஸ்டார்ட் பண்ணிருங்க. இல்லாட்டி தள்ளுறதுக்கு ஆள் தேடணும்."
தக்காளி மறந்துவிட்டது.

பங்குனி 14, புதன்
சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், ஜன்னல் வழியே வயர். இன்வெர்ட்டர் ஓடுகிறது, வேலைதான் ஓடவில்லை. பானெட் திறந்து நின்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது.
9.40, திருச்சுழி போகிற பைக்: "என்னக்கா, நின்னு போச்சா?"
10.15, ஆடு மேய்க்கிற அம்மா: "ஏத்தா, ஒத்தையிலயா நிக்கிற? தண்ணி குடிக்கிறியா?" குடித்தேன்.
11.00, கருவை விறகு லோடு வண்டி. காதில் ஹெட்போன், டிரைவர் இறங்கி வந்ததே தெரியவில்லை. ஸ்கிரீன் இருண்டது. வெளியே எட்டிப் பார்த்தால் கையில் கிளிப்போடு சிரிக்கிறார். "எவனோ தப்பா வயர மாட்டி வச்சிருக்கான்க்கா, கழட்டிட்டேன். இப்ப எடுங்க!" அரை ஃபைல் போச்சு. கத்திவிட்டேன். முகம் சுருங்கிப்போய்விட்டது, பாவம். 'வண்டி ரிப்பேர் இல்லை' என்று அட்டை எழுதி மாட்டலாமா?

பங்குனி 16, வெள்ளி
காலையில் டவுன். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். உள்ளங்கை அளவு. சொருகியதும் பச்சை விளக்கு. பானெட் மூடியாயிற்று. நாலு மணிக்குள் மூன்று ஃபைலும் போய்விட்டது. கம்பெனிப் பெண் கட்டைவிரல் படம் அனுப்பினாள். நிம்மதி.

பங்குனி 17, சனி
ஐந்து ஃபைல். ஒரு தொந்தரவும் இல்லை.
பைக் போனது. விறகு வண்டி போனது. ஆட்டுக்காரம்மா எதிர்க்கரையில். கையாட்டினேன், பார்க்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் 'ரெண்டு' என்றேன். காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.
ஓசூரிலிருந்து மகள்: "நல்லாருக்கியாம்மா? மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன்." அவர் போய் இரண்டு வருடம். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.
தக்காளி இன்னும் வாங்கவில்லை.

பங்குனி 19, திங்கள்
அதே வெயில், அதே மரம். இன்வெர்ட்டர் ஓட்டையில், பச்சை விளக்கு. எல்லாம் சரியாக இருக்கிறது. நான்கு ஃபைல்.
பத்தே முக்காலுக்கு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.
விறகு வண்டி. தாண்டிப் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பத்தடி தள்ளியே நின்றுகொண்டார், கைகளைப் பின்னால் கட்டியபடி.
"கை வைக்க மாட்டேன்க்கா. திரும்பவும் நின்னு போச்சா?"
"ஆமா தம்பி," என்றேன். "கொஞ்சம் வந்து பாருங்க."