ஒரு நம்பர், இரண்டு சாந்தம்மாள்

மார்ச் 3

டாக்டர் ரேணுகாதேவி கிளினிக்கில் இன்று முதல் மருந்துச் சீட்டு கிடையாது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தட்டினால் நோயாளி பெயர், போன் நம்பர், மருந்து எல்லாம் மெடிக்கல் கடைக்காரன் போனுக்கே வந்துவிடும். எந்தக் கடை என்று நோயாளி சொன்னால் போதும்.

ஜமுனாமரத்தூரில் அந்தம்மா கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பதினான்கு வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். மருந்துப் பெட்டியைத் தோளில் சுமந்து, மலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போட்ட கடை. இனி எல்லாம் அச்செழுத்து. எவள் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எவள் என்று ஏன் எழுதினேன்? எதிர்க்கடை மஞ்சுளாதான். ஆறு வருஷம் என் கடையில் நின்று தொழில் கற்றவள். அந்தக் கையெழுத்து மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 6

இன்று அவள் கடைக்கு முப்பத்தொரு பேர். எனக்கு ஒன்பது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் கவரில் பெயரும் நம்பரும் எழுதித் தயாராக வைத்துவிடுகிறாள். போதாததற்கு ரோட்டைத் தாண்டி வந்து, "அண்ணே, உங்க போன் கத்துது பாருங்க. கோழி கூவுதுன்னு நெனச்சிட்டீங்களா?" என்கிறாள். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

மார்ச் 9

பன்னிரண்டு வருஷமாக என்னிடம் வாங்கும் சேட்டுகூட இன்று அங்கே நின்றார். என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 13

ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. தாண்டவராயன் என்று மலையூர்க்காரன் ஒருவன்; அவன் ஊரில் டவர் எடுப்பது அவன் போனுக்கு மட்டும்தான். ஊரே கிளினிக்கில் அவன் நம்பரைத்தான் கொடுக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டு அவரவர் சந்தைக்குப் போய்விடுவார்கள். மருந்தையெல்லாம் அவன் ஒருவனே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவான்.

அந்த ஊரில் இரண்டு சாந்தம்மாள். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு பிரஷர். முன்பெல்லாம் நானே சீட்டின் பின்னால் 'மேட்டு வூடு', 'பலாமரத்து வூடு' என்று எழுதி, சீட்டைக் கவரோடு கட்டிக் கொடுப்பேன். இப்போது சீட்டே இல்லை.

மஞ்சுளாவிடம் சொல்லலாம். ஏன் சொல்லணும்? கம்ப்யூட்டர் சொல்லட்டும்.

மார்ச் 18

பஸ் ஸ்டாண்டில் தாண்டவராயன். கையில் மஞ்சுளா கடைக் கவர்கள். இரண்டின் மேல் சாந்தம்மாள், கீழே ஒரே நம்பர். நன்றாகப் பார்த்தேன்.

"இன்னாங்க, அப்படி பாக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. போய்ட்டு வா."

பஸ் போய்விட்டது. ஒரு தடவை அவள் பெயர் கெடட்டும் என்று நினைத்தேன். இன்னா பெரிசா ஆயிடப்போவுது — ஆகும். சர்க்கரை இல்லாதவள் அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? சாயங்காலம் தாண்டவராயனுக்கு ஆறு தடவை போன் போட்டேன். இன்றைக்கென்று அவன் போனுக்கும் லைன் போகலை.

மார்ச் 19

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேட்டு வூட்டில் கவரை இன்னும் பிரிக்கவில்லை. பிரஷர்காரி, பலாமரத்து வூட்டுச் சாந்தம்மாள், வாசலில் வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டாயிற்று. "டாக்டரம்மாதான் மாத்திக் குடுத்துட்டாங்கன்னு..." அதற்குமேல் பேச்சு வரவில்லை. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, ஜீப் பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தேன். பிழைத்துக்கொண்டாள்.

"நீங்க போகலன்னா உயிர் தங்கியிருக்காது" என்றார் டாக்டரம்மா. மஞ்சுளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணே, நீங்கதான் காப்பாத்தினீங்க."

நானா?

மார்ச் 25

கூட்டமெல்லாம் இப்போது என் கடையில். அவள் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இதைத்தானே கேட்டேன்?

மார்ச் 27

போய்ச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே பாத்தேன் மஞ்சுளா. பஸ் ஸ்டாண்ட்ல."

டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "கவர பாத்தீங்களா, பேர பாத்தீங்களா?"

"ரெண்டும்."

"போங்க."

ஏப்ரல் 2

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்ப்யூட்டரில் வீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறாராம். அதுவரை சந்தேகம் வந்தால் இரண்டு கடையும் பேசிக்கொள்ளணும் என்று மஞ்சுளாவையும் கூப்பிட்டுச் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏப்ரல் 9

சந்தை. காலையிலிருந்து மறுபடி அவள் கடையில் கூட்டம். எரியத்தான் செய்கிறது. பதினொரு மணிக்கு ஒரு கவரைத் தூக்கிக் காட்டி அங்கிருந்தே கத்தினாள்: "எந்த வூட்டு வசந்தி இது?"

அண்ணே என்று கூப்பிடவில்லை. என் கடையில் நின்றவர்களை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன்.